முதல் கேப் ரிவால்வராக எதை வாங்கலாம்: ரெமிங்டனா, கோல்ட்டா?

பென்சில்வேனியாவில் பணிபுரியும் தம் அக்கா கணவர், கருமருந்தும் ஈயக்குண்டும், அடிபட்டால் பொறி விடும் சிறு செப்புக் கேப்பும் இட்டுச் சுடும் பழைய மாதிரி ரிவால்வரின் இக்கால நகல் ஒன்றை வாங்க விரும்புவதாகவும், கோல்ட்டின் 1851 நேவி, 1860 ஆர்மி, மற்றும் 1858 ரெமிங்டன் ஆகிய மூன்றில் எதைப் பரிந்துரைக்கலாம் என்றும், பின்னாளில் அதை ஊருக்கு எடுத்துவர இயலுமா என்றும் கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓஹியோவில் மகள் வீட்டில் நெடுநாள் தங்கிய காலங்களில், மருமகன் வைத்திருக்கும் இவ்வகை ரிவால்வர்கள் நான்கையும் பலமுறை பிரித்து, அளந்து, கழுவி, மீண்டும் பூட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் பிழை நேர்ந்தால் குடும்பமே அலைய நேரும். ஊருக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைய வழக்கமான தோட்டாக்களைப் பயன்படுத்தாத பழைய மாதிரி நகல்களைத் தொன்மையான ஆயுதம் என்று தனியே வகைப்படுத்துகிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். உங்கள் மாமா இருக்கும் மாநிலத்தை அடுத்துள்ள நியூ ஜெர்சி இவற்றையும் துப்பாக்கியாகவே கருதுகிறது. எனவே அவர் தம் மாநிலச் சட்டத்தை மட்டுமன்றி, காரில் எடுத்துச் செல்லும் வழியில் உள்ள மாநிலத்தின் சட்டத்தையும் கேட்டறிய வேண்டும். நம் நாட்டிலோ, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் பார்வையில் சுடக்கூடிய நிலையில் உள்ள நகலும் முழுமையான துப்பாக்கிதான். பழைய மாதிரி என்பதற்காக உரிமத்திலிருந்து விலக்குக் கிடையாது. கருமருந்து வைத்திருப்பதற்கு வெடிபொருள் சட்டமும் குறுக்கே நிற்கும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை கேட்டுக்கொள்வதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அதே சட்டம்தான் இதற்கும்.

இந்த ரிவால்வர் எப்படிச் சுடுகிறது என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்குவது எளிது. அஞ்செட்டிப் பக்கம் என் தாத்தா, ராகிக் காட்டைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காக்க, பயிர்ப் பாதுகாப்பு உரிமம் பெற்று ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். மருந்தை அளந்து குழலின் வாய்வழியே கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, ரவையை இட்டு, மறுபடியும் நார் வைத்து இடித்து, பின்பக்கத்துச் சிறு முனையில் கேப்பைச் செருகுவார். விசையை இழுத்தால் குதிரை எனப்படும் சுத்தியல் கேப்பின் மேல் விழும்; கேப்பில் பிறந்த பொறி துளை வழியே உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். கேப் ரிவால்வரிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஒரு குழலின் அடியில் நடப்பது, சுழலும் சிலிண்டரின் ஆறு அறைகளிலும் தனித்தனியே நடக்கிறது. அறையின் முன்வாய் வழியே மருந்து, அதன்மேல் குண்டு, பின்னால் உள்ள நிப்பிள் என்னும் சிறு முனையில் கேப். குண்டை அழுத்தி இறக்கக் குழலுக்கு அடியிலேயே ஒரு நெம்புகோல் உண்டு.

குண்டு அறையைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும் என்பது இங்கே முக்கியம். அங்குலக் கணக்கில் 0.44 என்று பெயர் பெற்ற நகலுக்கு 0.451 அல்லது 0.454 அங்குலக் குண்டும், 0.36 என்று பெயர் பெற்றதற்கு 0.375 அல்லது 0.380 அங்குலக் குண்டும் இடுகிறார்கள். நெம்புகோலை அழுத்தும்போது அறையின் விளிம்பு குண்டின் இடுப்பைச் சீவிவிட, மெல்லிய ஈய வளையம் ஒன்று வெளியே தங்கும். வளையம் முழு வட்டமாக வந்தால் குண்டு அறையை முற்றிலும் அடைத்துக்கொண்டது என்று பொருள். பாதி வளையமாக வந்தாலோ, வராமலே போனாலோ, குண்டு சிறியது. அப்போது ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவும் ஆபத்தும், சுடும் அதிர்வில் மற்ற குண்டுகள் முன்னோக்கி நழுவும் ஆபத்தும் உண்டு. அதற்காகவே குண்டின் மேல் கிரீஸ் பூசுவதும், குண்டுக்கு அடியில் எண்ணெய் தோய்ந்த கம்பளி வில்லை வைப்பதும் வழக்கம். கேப் தளர்வாக இருந்தால் பின்பக்கத்தின் வழியாகவும் தீ தாவலாம் என்பதால், நிப்பிளை இறுகப் பற்றும் அளவிலேயே கேப் வாங்க வேண்டும். குண்டும் கலப்பில்லாத மென்ஈயமாக இருக்க வேண்டும். கடின ஈயத்தை அழுத்தி அழுத்தி நெம்புகோலின் திருகை வளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மாதிரிகளுக்கு வருகிறேன். குழலின் வடிவமும் பிடியின் அழகும் கண்ணில் முதலில் படும். ஆனால் கோல்ட்டையும் ரெமிங்டனையும் உண்மையில் பிரிப்பது, குழலையும் சிலிண்டரையும் பின்பகுதியையும் எது ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான். கோல்ட்டின் 1851, 1860 இரண்டும் மேலே திறந்தவை. சிலிண்டருக்கு மேலே இரும்பு கிடையாது. பின்பகுதியான ஃபிரேமிலிருந்து முன்னோக்கி நீளும் தடித்த அச்சுத்தண்டில் சிலிண்டர் சுழல்கிறது. அதே தண்டின் நுனியில் குழலைச் செருகி, பக்கவாட்டில் ஓர் ஆப்பை அடித்து இறுக்குகிறார்கள். நம் கொல்லுப்பட்டறையில் மண்வெட்டிக்குப் பிடி போட்டு ஆப்பு அடிப்பது போன்ற ஏற்பாடு. ரெமிங்டனில் ஆப்பு இல்லை. சிலிண்டரைச் சுற்றி மேலும் கீழும் முழு ஃபிரேம் ஓடுகிறது. குழல் அதில் திருகப்பட்டுவிடுகிறது. மேற்பட்டையில் வெட்டிய பள்ளமே குறிபார்க்க உதவும் பின்குறியாகிறது.

நான் நகல் கோல்ட்டுகளில் கண்ட மிகப் பெரிய குறை இந்த ஆப்பு விஷயத்தில்தான். பழைய அசல் கோல்ட்டுகளில் அச்சுத்தண்டின் நுனி, குழலின் துளைக்குள் சென்று அதன் அடியை முட்டி நிற்கும். அப்படி முட்டினால்தான் ஆப்பை எவ்வளவு இறுக்கினாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி மாறாது. இத்தாலிய நிறுவனமான உபெர்ட்டியின் நகல்கள் பலவற்றில் தண்டு குட்டையாக இருப்பதால், நுனிக்கு முன்னே வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. மருமகனிடம் உள்ள 1860 அப்படிப்பட்டது. ஆப்பைச் சற்று ஓங்கித் தட்டினால் குழல் பின்னோக்கி வந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், குதிரையை இழுக்க முடியாது. தளர்த்தினால், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.4 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழையும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் வேறொரு துப்பாக்கியாக மாறும் கருவியால் ஒரே இடத்தில் சுட இயலாது.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். ஆப்பையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டு, குழலை மட்டும் பக்கவாட்டில் சற்றுத் திருப்பி, அதன் அடிப்பகுதி ஃபிரேமின் ஓரத்தில் உரசும்படி அச்சுத்தண்டில் செருகி, முட்டும்வரை தள்ளுங்கள். தண்டு சரியான நீளத்தில் இருந்தால் அடிப்பகுதியின் பின்முகமும் ஃபிரேமின் முன்முகமும் ஒரே கோட்டில் நிற்கும். குட்டையாக இருந்தால் அடிப்பகுதி ஃபிரேமைக் கடந்து பின்னால் ஏறும். ஏறிய அளவே தண்டின் குறை. எங்களுடையதில் அது 2.4 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓர் எஃகு வில்லையைக் கடைந்து, துளையின் அடியில் வைத்து, சிறிது சிறிதாக அரத்தால் தேய்த்துப் பொருத்தினேன். ஒரு பிற்பகல் வேலை. அதற்குப்பின் ஆப்பை எப்படி அடித்தாலும் இடைவெளி 0.15 மில்லிமீட்டரிலேயே நிற்கிறது. பியெட்டா நிறுவனத்தின் இக்கால 1851, 1860 நகல்களில் நான் சோதித்தவற்றில் தண்டு முட்டியே நின்றது. அரம் பிடித்துப் பழகாதவருக்கு, கோல்ட் மாதிரி வேண்டுமென்றால், பியெட்டாவையே சொல்வேன். வடிவத்திலும் மெருகிலும் அசலுக்கு நெருக்கமாக வருவது உபெர்ட்டிதான் என்றாலும்கூட.

கேப் துண்டுகள் கோல்ட்டின் இரண்டாவது தொல்லை. சுட்டபின் செப்புக் கேப் இதழ் இதழாகப் பிளந்துவிடும். குதிரையின் முகத்தில் உள்ள சிறு பள்ளத்தில் அது மாட்டிக்கொண்டு, குதிரையை இழுக்கும்போது பின்னால் வந்து, உள்ளே இயந்திரப் பகுதிக்குள் விழுந்துவிடும். ஒருமுறை நான்காவது சூட்டுக்குப்பின் குதிரை பாதியிலேயே நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, எள்ளுப் பொட்டு அளவான ஒரு செப்புச் சில்லு குதிரையின் அடியில் மடிந்து கிடந்தது. அக்காலத்தில் இதற்காகவே துப்பாக்கியை வானம் பார்க்க உயர்த்திக் குதிரையை இழுத்தார்கள். சுடுகளத்தில் அந்தப் பழக்கத்தை எல்லோரும் அனுமதிப்பதில்லை. கேப்பின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் நல்ல எஃகு நிப்பிள்களை மாற்றினால் தொல்லை பெரிதும் குறைகிறது. ரெமிங்டனிலும் இது நடக்கும் என்றாலும், குதிரை மூடிய ஃபிரேமின் குறுகிய வாயில் வந்து விழுவதால் அங்கே குறைவு.

அப்படியானால் ரெமிங்டனுக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் புகையாகவும் கரியாகவும் திடப்பொருளாகவே தங்குகிறது. கோல்ட்டின் அச்சுத்தண்டு தடிப்பானது. அதில் வெட்டிய பள்ளங்களில் கிரீஸ் தேங்கி நிற்கும். ரெமிங்டனின் சிலிண்டர் ஊசியோ மெல்லியது. கிரீஸ் தங்க இடமில்லை. குழலின் பின்வாயிலிருந்து பீறிடும் கரி நேராக அதன்மேல் படிகிறது. பதினெட்டு, இருபது சூட்டுக்குள் சிலிண்டர் இறுகத் தொடங்கும். ஆனால் இதற்குத் தீர்வும் அதே துப்பாக்கியில் உள்ளது: குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, நெம்புகோலைத் தாழ்த்தி, ஊசியை முன்னால் இழுத்தால் சிலிண்டர் கையில் உருண்டு விழுந்துவிடும். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, ஊசியில் கிரீஸ் தடவித் திருப்பி மாட்ட ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யச் சலிக்காதவருக்கு ரெமிங்டனின் குறை குறையே அன்று.

பாதுகாப்பிலும் ரெமிங்டன் ஒருபடி மேல் என்பது என் கருத்து. அதன் சிலிண்டரில் நிப்பிள்களுக்கு இடையே ஆழமான பள்ளங்கள் உண்டு. குதிரையின் மூக்கை அதில் இறக்கி வைத்தால் எந்தக் கேப்பின் மேலும் படாமல் உறுதியாக அமரும். கோல்ட்டில் அதற்குச் சின்னஞ்சிறு முளைகள் உள்ளன, நாளடைவில் தேய்ந்துபோகின்றன. எந்த மாதிரியானாலும் ஐந்து அறைகளை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் குதிரையை வைப்பதே நல்லது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1858 ரெமிங்டன் என்பது 1858இல் செய்யப்பட்டது அன்று. குழலில் பொறித்த ஃபோர்டைஸ் பீல்ஸின் காப்புரிமை ஆண்டு அது. இன்றைய நகல்கள் பின்பற்றும் நியூ மாடல் ஆர்மி 1863இல்தான் வெளிவந்தது. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தபோது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த வடபுலப் படைக்கு ரெமிங்டனின் தேவை மேலும் கூடியது. கோல்ட்டின் 1851 நேவி 0.36 அளவும் எண்கோணக் குழலும் உடையது. அசலின் சிலிண்டரில் டெக்சாஸ் கடற்படையின் 1843ஆம் ஆண்டுக் கடற்போர்க் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். 1860 ஆர்மி 0.44 அளவு கொண்டது. ஆனால் எடை நேவியோடு ஒப்பிடத்தக்கதாக, சுமார் 1.2 கிலோவில் நிற்கிறது. நேவியின் ஃபிரேமிலேயே பெரிய குண்டைப் புகுத்த, சிலிண்டரின் முன்பாதியை மட்டும் பருக்கவைத்த அந்தத் தீர்வு, இன்று பார்த்தாலும் ஒரு டூல் ரூம்காரனை நின்று வியக்கவைக்கும்.

இந்த வரலாறு வாங்குவோருக்குப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது பித்தளை ஃபிரேம் போட்ட 0.44 அளவு 1851 நேவி. அப்படி ஒரு கோல்ட் என்றுமே இருந்ததில்லை. உள்நாட்டுப் போரில் எஃகு கிடைக்காத தென்புலத்தார், ஜார்ஜியாவின் கிரிஸ்வால்ட் & கன்னிசன் போன்ற பட்டறைகளில், பித்தளை ஃபிரேமில் 0.36 அளவு ரிவால்வர்களைச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் பித்தளை மென்மையானது. ஒவ்வொரு சூட்டிலும் சிலிண்டர் பின்னோக்கி மோதி ஃபிரேமின் முகத்தில் தன் பற்களின் அச்சைப் பதிக்கும். அச்சுத்தண்டு பித்தளையில் திருகிய இடத்தில் நாளடைவில் தளரும். மருமகனின் நண்பர் ஒருவர், விலை குறைவு என்று வாங்கி, நிறைய மருந்திட்டுச் சுட்ட ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அச்சுத்தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடும் பல்லைப் போல அசைந்தது. சரிசெய்ய வழியில்லை. பித்தளையின் அழகுதான் வேண்டும் என்றால் 0.36இல் வாங்கிக் குறைந்த மருந்தில் சுடலாம். 0.44 என்றால் எஃகு ஃபிரேம் தவிர வேறொன்றையும் உங்கள் மாமா தொட வேண்டாம்.

0.36 குண்டு ஏறக்குறைய 5 கிராம், 0.44 குண்டு ஏறக்குறைய 9 கிராம். தாளில் துளையிடுவதற்கு இரண்டும் போதும். 0.36இல் ஈயமும் மருந்தும் மிச்சம், உதைப்பும் மென்மை, 1851இன் பிடி நம் கைகளுக்குச் சொல்லிவைத்தாற்போல் அமைகிறது. அமெரிக்க மேற்குப் பகுதியின் புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் ஒரு ஜோடி 1851 நேவியை விரும்பி வைத்திருந்ததை, அதைக் கையில் பிடித்தபின் நம்பத் தோன்றுகிறது. ஆனால் கோல்ட்டின் பின்குறி குதிரையின் மூக்கில் வெட்டிய ஒரு சிறு வெட்டு மட்டுமே; 25 கெஜத்தில் குண்டு குறிக்கு மேலே ஓங்கிப் போகும். முன்குறியை உயரமானதாக மாற்றினாலொழிய, பலகையின் அடியைப் பார்த்துச் சுட வேண்டியிருக்கும். ரெமிங்டனின் குறி அசையாத மேற்பட்டையில் இருப்பதால் திருத்துவது எளிது.

மற்ற மாதிரிகளை நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் கடைக்காரர் காட்டுவார். 1847இன் வாக்கர் சுமார் 2 கிலோ எடையுள்ளது. அதன் நெம்புகோல் சுடும் அதிர்விலேயே தானாகக் கீழே விழுந்து சிலிண்டரைத் தடுக்கும். முதல் துப்பாக்கியாக அது ஆகாது. ஒன்பது குண்டும் நடுவே ஒரு ரவைக்குழலும் கொண்ட லெமாட்டை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். 1972 முதல் 2008 வரை ரூகர் நிறுவனம் செய்த ஓல்ட் ஆர்மி எதன் நகலும் அன்று. ஆனால் உறுதியிலும் துல்லியத்திலும் நான் கையாண்டவற்றில் அதுவே முதன்மையானது. பழையதாக நல்ல நிலையில் கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் யோசிக்காமல் வாங்கலாம்.

ஆக, உங்கள் மாமாவுக்கு என் பரிந்துரை எஃகு ஃபிரேம் கொண்ட 0.44 ரெமிங்டன், பியெட்டாவோ உபெர்ட்டியோ எதுவானாலும். ஓராண்டு சுட்டுப் பழகி, கரியும் கிரீஸும் சலிக்காமல் இருந்தால், இரண்டாவதாக 0.36 அளவு 1851ஐ வாங்கட்டும். புகையில்லா நவீன மருந்தை ஒரு சிட்டிகைகூட இவற்றில் இடக்கூடாது. அதன் அழுத்தத்தில் சிலிண்டர் வெடிக்கும். மருந்தின் அளவை நிறுவனம் தரும் கையேட்டில் உள்ளபடியே வைத்துக்கொள்ள வேண்டும். சுட்ட அன்றே கழுவ வேண்டும். எரிந்த மருந்தின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓர் இரவிலேயே துருவேற்றிவிடும். அதை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். தாத்தா துப்பாக்கியோடு திரும்பும் சத்தம் கேட்டதும் பாட்டி அடுப்பில் வெந்நீர் வைப்பார். கொதிக்கும் நீரைக் குழலில் ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே உலரும் என்பது எங்கள் வீட்டில் படிக்காதவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஓஹியோவில் மகள் வீட்டுச் சமையலறையிலும் அதையே செய்கிறோம். பாத்திரம் கழுவும் சோப்பைச் சிறிது சேர்த்துக்கொள்கிறோம்.

பெட்டி வந்ததும் சுடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. இத்தாலியில் செய்யப்பட்டதென்றால், கருமருந்துச் சோதனையில் தேறியதைக் காட்டும் பி.என். முத்திரையும், சிறு கட்டத்துக்குள் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சரக்கு வாங்குபவர் அதைப் பார்த்து வயதை அறியலாம். குதிரையை மெதுவாக முழுவதும் இழுத்து, ஆறு அறைகளிலும் சிலிண்டர் அசையாமல் பூட்டிக்கொள்கிறதா என்று விரலால் திருப்பிப் பாருங்கள். குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையில் 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்து, 0.25 நுழையாமல் இருந்தால் நன்று. நிப்பிள்களை ஒருமுறை கழற்றி, மரையில் சிறிது கிரீஸ் தடவித் திருப்பி மாட்டிவிடச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து வறண்டு வந்த நிப்பிள், முதல் நாள் கரியோடு இறுகிவிட்டால், பிறகு சாவியே வளைந்தாலும் கழலாது.